கம்பெனித் துணி

மாமாவின் யூனிபார்மை அக்கா வீட்டுத் துணிகளோடு ஒருநாளும் சேர்த்து நனைத்ததில்லை. அதற்கென்று தனி வாளி, தனி பிரஷ், தனியாக ஒரு மழுங்கின கத்தி. பெயிண்ட் காய்ந்து செதில் செதிலாக ஒட்டியிருக்கும் இடங்களைக் கத்தியால்தான் முதலில் சுரண்ட வேண்டும். பிறகு பழைய துணியைப் பெயிண்ட் கரைக்கிற தின்னரில் நனைத்துக் கறைமேல் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் கொதிக்கிற தண்ணீரும் சோப்புத்தூளும். முழங்கால்களை மடக்கி உட்கார்ந்து அவள் தேய்க்க ஆரம்பித்தால் கீழே என் அறைக்கு அந்தச் சத்தம் கேட்கும். மாடியிலிருந்து இறங்கும் குழாயில் ஒருநாள் மஞ்சள் தண்ணீர் வரும், ஒருநாள் சிவப்பு வரும். இந்த வாரம் கம்பெனியில் எந்தக் கலர் பஸ்ஸுக்கு வேலை ஓடிக்கொண்டிருக்கிறது என்று சாக்கடையைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

அவர்கள் மாடியில் குடியிருந்தார்கள். நான் கீழே, தெருவைப் பார்த்த அறையில் தையல் மெஷின் போட்டிருந்தேன். உறவு ஒன்றும் கிடையாது. வந்த புதிதில் அக்கா என்று வாயில் வந்தபடி கூப்பிட்டுவிட்டேன். அதனால் அவள் புருஷன் மாமா ஆனார். பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற கம்பெனியில் மாமா ஸ்பிரே பெயிண்டர். கம்பெனி இரண்டு செட் யூனிபார்ம் கொடுக்கும். முதுகில் பெரிய எழுத்தில் கம்பெனி பெயர். பஸ் வாங்குகிறவர்கள் எந்த நேரமும் பார்க்க வருவார்களாம், அதனால் அழுக்கு யூனிபார்மோடு வந்தால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். துவைப்பது அவரவர் பாடு.

வேறு பெண்ணாக இருந்தால் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ள மாட்டாளா என்று கேட்பீர்கள். போட்டாள். தின்னர் பட்டதும் அது ஊறி, உப்பி, விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதோடு விட்டுவிட்டாள்.

முன்னெல்லாம் அக்கா எனக்கு ஓரம் மடித்துத் தைத்துக் கொடுப்பாள். அவள் போடுகிற தையல் மேலே தெரியவே தெரியாது. கை வெடிக்க ஆரம்பித்த பிறகு பட்டுத் துணியைத் தொட்டாலே விரல்நுனியில் இழை சிக்கி இழுத்துக்கொண்டது. ஒரு பெண்ணின் விலையுயர்ந்த சட்டைத்துணியில் நீளமாக ஒரு இழை போய், அதற்கு நான் பதில் சொல்ல வேண்டி வந்தது. அதன்பிறகு நான் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. தோல் டாக்டர் அவள் கையைப் புரட்டிப் பார்த்து, "இனிமே பெயிண்ட், தின்னர் எதையும் தொடாதீங்க. தொட்டீங்கன்னா இந்தத் தோல் திரும்ப வராது" என்று சொல்லி ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். அதை வாங்கி வந்து அலமாரியில் வைத்துவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் துவைத்தாள்.

"வேற யாரு துவைப்பா?" என்றாள்.

அந்த வருஷம் வரி கட்டுகிற சமயத்தில், மாமாவோடு வேலை செய்கிற பட்டிக்காரர் ஒரு சேதி கொண்டுவந்தார். அவருக்கு வேலை தகரத்தின் மேல் பட்டி பூசித் தேய்ப்பது; வாய் மட்டும் ஊர்ச் சேதி அத்தனையையும் தேய்த்துக்கொண்டிருக்கும். "வேலைக்காக நம்ம கைக்காசு போட்டுச் செலவு பண்றோம் பாரு, அதையெல்லாம் வரியில கழிச்சுக்கலாமாம். இத்தன வருஷமா ஒரு பய சொல்லல நமக்கு!" என்று மாடிப்படியிலேயே நின்று கத்தினார்.

எங்கள் தெருக்கோடியில் வரிக்கணக்கு எழுதிக் கொடுக்கிறவர் ஒருவர் இருந்தார். ஆடிட்டர் என்று போர்டில் இருக்காது. தெருவில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். மாமாவும் அக்காவும் கிளம்பினார்கள். பக்கத்துக் கடையில் நூல் வாங்க வேண்டியிருந்ததால் நானும் போனேன். அந்த அறையில் காகிதம் பறந்துவிடும் என்று மின்விசிறியை வந்தவர்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஆடிட்டர் வியர்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"பூட்ஸ் யாரு வாங்கினது?" என்று ஆரம்பித்தார்.

"நான்தான் சார். கம்பெனி குடுத்தது கொஞ்ச நாள்லயே வாயப் பொளந்துடுச்சு."

"இரும்பு முனை வச்சதுதானே? ரசீது இருக்கா? அப்பக் கழிக்கலாம். சும்மா தெருவுல போட்டுட்டுப் போற ஷூன்னா கிடையாது."

"மாஸ்க்குக்கு பில்டர் வாங்குறேன். கம்பெனி குடுக்கிறது பத்தல."

"அவங்க குடுத்தது போக உங்க கைக்காசு எதுவோ, அது உண்டு."

மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பஸ் சார்ஜ் சார்?"

"எங்கேருந்து எங்க?"

"வீட்டுலேருந்து கம்பெனிக்கு."

"கிடையாது."

"வேலைக்குத்தானே சார் போறேன், சினிமாவுக்கா போறேன்?"

"வேலைக்குப் போறது வேலையில்ல. போனப்புறம் அங்கேருந்து வேற இடத்துக்கு வேலையா அனுப்பினாங்கன்னா அதுக்கு உண்டு."

"அனுப்புவாங்க. டிப்போவுக்கு, டச்சப் பண்ண. ஆனா கம்பெனி வேன்லதான் கூட்டிட்டுப் போவாங்க."

"அப்ப உங்களுக்கு என்ன செலவு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததை எதுலேருந்து கழிக்கிறது?" ஆடிட்டர் சிரித்தார். மாமாவும் சிரித்தார். "மத்தியானச் சாப்பாட்டையும் கேட்டுடாதீங்க. வேலைக்குப் போகாத அன்னிக்கும் வயிறு இருக்கு. சரி, யூனிபார்ம் உண்டா? கம்பெனி பேரு போட்டதா?"

"முதுகு நிறைய."

"கட்டாயம் போடணுமா? துவைக்க அலவன்ஸ் ஏதாவது தர்றாங்களா?"

"சோப்புத்தூள் கூடத் தரமாட்டாங்க சார்."

"அப்பத் துவைக்கிற செலவையும் கழிக்கலாம். லாண்டரி ரசீது குடுங்க."

"லாண்டரி எல்லாம் இல்ல சார். வீட்டுலதான். இவதான் துவைப்பா."

"அப்ப சோப்பு, தண்ணி, கரண்டு, அதுக்கு ஒரு கணக்குப் போட்டு எழுதிக்கலாம். சின்னதாத்தான் வரும்."

அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்தாள். "லாண்டரியில குடுத்தா முழுசா உண்டு. நான் துவைச்சா சோப்புக்கு மட்டும் உண்டா?"

"ஆமாம்மா. லாண்டரிக்குக் காசு குடுக்கிறாரு. உங்களுக்குக் குடுக்கலையே. கைய விட்டுப் போனாத்தான் செலவு."

அக்கா கையை மேஜைமேல் வைத்தாள். காட்ட வேண்டும் என்று வைத்தாளோ, தன்னையறியாமல் வைத்தாளோ. விரல்கணு ஒவ்வொன்றும் பிளந்து, பிளவுக்குள் பச்சைப் பெயிண்ட் இறங்கியிருந்தது. "இதுக்குக் களிம்பு வாங்குறேனே. டாக்டர் பீஸ் குடுத்தேனே. அந்தத் துணியைத் துவைச்சுத்தான் இப்படி ஆச்சுன்னு டாக்டரே சொல்றாரு. அதைக் கழிக்கலாமா?"

ஆடிட்டர் அந்தக் கையைப் பார்த்தார். அவர் முகம் மாறத்தான் செய்தது. "இல்லம்மா. வேலை பாக்கிறவரோட செலவுதான் இதுல வரும். நீங்க அந்தக் கம்பெனி ஆளு இல்லையே. வேணும்னா கம்பெனியில கேட்டுப் பாருங்க."

அங்கே மாமா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "விடுங்க சார், வீட்டுல சும்மாதானே இருக்கா. துவைக்கிறதுக்கெல்லாம் ஒரு கணக்கா?" என்று சிரித்தார். பக்கத்தில் காத்திருந்த இரண்டு ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். தூறல் போட ஆரம்பித்திருந்தது. வீடு வரும்வரை அவள் நடையைக் குறைக்கவில்லை. மாடி ஏறப்போனவள் திரும்பி, என்னிடம் ஏதோ நான்தான் குற்றவாளி மாதிரி, "சும்மா இருக்கேனாம்" என்றாள். அன்றிலிருந்து அந்தத் துணியை அவள் தொடவில்லை.

மழைக்காலம் வேறு. மாமாவின் இரண்டு செட்டும் மூலையில் கிடந்து நாறியது. இரண்டு நாள் பார்த்தார், மூன்றாம் நாள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு எதிரே இருந்த லாண்டரிக்குப் போனார். எனக்கு எல்லாம் கேட்டது. லாண்டரிக்காரர் முடிச்சை அவிழ்த்து மோந்து பார்த்ததுமே மூட்டையை இந்தப் பக்கம் தள்ளிவிட்டார்.

"தின்னரா? எடுத்துட்டுப் போங்க சார். டிரையர்ல போட்டேன்னா கடையே பத்திக்கும்."

"காசு கூடக் குடுக்கிறேன்ப்பா."

"எவ்வளவு குடுத்தாலும் வேணாம். இந்த மாதிரித் துணிக்குன்னு ஊருக்கு வெளியில தனி இடம் இருக்கு. கம்பெனிக்காரன் மொத்தமா வேன்ல அனுப்புவான். நம்மள மாதிரி ஆளு தனியா குடுத்தா வாங்கமாட்டான். ஆமா, இத்தன நாளா எங்க குடுத்தீங்க?"

"வீட்டுலதான்."

"வீட்டுலயா? எதுல போட்டு?"

மாமா மூட்டையைக் கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அவரே துவைக்க உட்கார்ந்தார். அக்கா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் தேய்க்கிற சத்தம் கேட்டது, அப்புறம் வாளியை எட்டி உதைக்கிற சத்தம். மாமா கீழே இறங்கி வந்து, "கொஞ்சம் எண்ணெய் இருந்தாக் குடும்மா, கை எரியுது" என்றார். கம்பெனியில் அவர் கனத்த கையுறை போட்டுக்கொண்டுதான் பெயிண்ட் அடிப்பார். வெறுங்கையில் தின்னர் பட்டுப் பழக்கமில்லை. எண்ணெயைத் தடவிக்கொண்டே, "எப்படித்தான் செய்றாளோ" என்று முனகினார்.

"அதைப் போய் அக்காகிட்டச் சொல்லுங்க மாமா."

சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதிக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

திங்கட்கிழமை அரைகுறையாகக் காய்ந்த, திட்டுத் திட்டாகக் கறை படிந்த அதே யூனிபார்மோடு போனார். சூப்பர்வைசர் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைய கூலி கிடையாது. மாடியில் அன்று நடந்த சண்டையை நான் கேட்கவேண்டும் என்று கேட்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு தைக்க முடியாது.

"உன்னாலதான் இன்னிக்குக் கூலி போச்சு."

"என்னாலயா? அழுக்காக்கினது நானா?"

"வீம்புக்குன்னே செய்ற நீ. அந்த ஆடிட்டர் ஏதோ சொன்னான்னு..."

"ஆடிட்டர் என்ன சொன்னாரு? உள்ளதைச் சொன்னாரு. நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னதைப் பிடிச்சுக்கிட்டு..."

"பேச்சுக்குத்தான் சொல்வீங்க. ராத்திரி கை எரிஞ்சு தூக்கம் வராம நான் உட்கார்ந்திருக்கிறப்ப, நீங்க பேச்சுக்குக் கூட என்னான்னு கேட்டதில்ல."

ஏதோ பாத்திரம் விழுந்தது. யார் எறிந்தது என்று தெரியாது.

மறுநாள் காலையில் அக்கா இரண்டு செட்டையும் பழைய போர்வையில் கட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். மாமா பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, எப்படியாவது உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சிப் பார்க்கலாம் என்று முன்னாலேயே போயிருந்தார்.

"எங்கக்கா?"

"கம்பெனியில கேட்டுப் பாருங்கன்னாரு இல்ல? கேட்டுப் பாக்குறேன்."

நான் கடையைப் பூட்டிவிட்டுக் கூடப் போனேன். பஸ்ஸில் அந்த மூட்டை நாற்றத்துக்கு எங்களைச் சுற்றி நாலு சீட் காலியாக இருந்தது. கம்பெனி கேட்டுக்குள்ளே புதுப் பஸ்கள் வரிசையாக மழையில் நின்றன, முகம் பார்க்கலாம் போல ஒரு பளபளப்பு. அக்கா இதற்குமுன் அங்கே வந்ததில்லை. கம்பி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். "அழகாத்தான் அடிக்கிறாரு" என்றாள். புருஷனைப் பற்றி அந்த வாரத்தில் அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

மேனேஜரைப் பார்க்க முடியாது என்றார் வாட்ச்மேன். அக்கா மூட்டையை கேட்டின் நடுவில் வைத்துவிட்டு நின்றாள். லாரி ஒன்று உள்ளே போக முடியாமல் ஹாரன் அடித்தது. இன்னொன்று அதன் பின்னால் வந்து நின்றது. மேனேஜர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார், கூடவே சூப்பர்வைசர்.

"என்னம்மா பிரச்சினை?" மரியாதையாகத்தான் கேட்டார்.

"இது உங்க கம்பெனித் துணி. துவைக்கக் குடுக்க வந்தேன்."

"யூனிபார்மைச் சுத்தமா வச்சுக்கிறது தொழிலாளியோட பொறுப்பும்மா. வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வாங்கியிருக்கோம்."

"அவருகிட்ட வாங்கினீங்க. என்கிட்ட வாங்கலையே."

"அதுக்குத்தான் வரியில சலுகை இருக்கு. அதை கிளைம் பண்ணிக்கச் சொல்லுங்க."

அந்த வார்த்தையில்தான் அக்காவுக்குள் இருந்தது முழுக்க வெளியே வந்தது. "எதுக்கு சார் சலுகை? சோப்புக்குச் சலுகை இருக்கு. தண்ணிக்கு இருக்கு. பூட்ஸுக்கு இருக்கு. என் கைக்கு இல்ல! அங்க கேட்டா நீ கம்பெனி ஆளு இல்லங்கிறாங்க. இங்க கேட்டா வரியில கேளுங்கிறீங்க. வீட்டுல கேட்டா சும்மாதானே இருக்கேங்கிறாரு. ஆளாளுக்குக் கை காட்டிட்டுப் போயிடுறீங்க, நடுவுல நான் ஒருத்தி உட்கார்ந்து துவைச்சுக்கிட்டே இருக்கணுமா? லாண்டரிக்காரன் மிஷின் பத்திக்கும்னு தொடமாட்டேங்கிறான் சார் இதை. மிஷினுக்கு ஆகாதது எனக்கு ஆகுமா?" இரண்டு கையையும் அவர் குடைக்குக் கீழே நீட்டினாள்.

மேனேஜர் பார்வையைத் திருப்பிக்கொண்டு, "நல்ல டாக்டராப் பாத்துக் காட்டுங்கம்மா. ஏம்ப்பா, இவங்க வீட்டுக்காரரைக் கூப்பிடு" என்றார்.

மாமா வந்தார். பின்னாலேயே பட்டிக்காரரும் இன்னும் நாலைந்து பேரும். மாமாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "இங்க எதுக்கு வந்த நீ? மானத்தை வாங்கவா? எடு அதை, கிளம்பு" என்று பல்லைக் கடித்தார். அக்கா அசையவில்லை. மாமாவே குனிந்து மூட்டையை எடுத்தார். விஷயம் அத்தோடு முடிந்தது, இனி இவள் தலையில்தான் அது மறுபடி இறங்கப்போகிறது என்று நினைத்தேன்.

அப்போது சூப்பர்வைசர் சிரித்தார். "என்னய்யா, வீட்டுல உன் பேச்சு எடுபடாது போல இருக்கே! பொண்டாட்டியைத் துணி துவைக்க வைக்கத் தெரியல, நீ எங்க பஸ்ஸுக்கு பெயிண்ட் அடிக்கப் போற?"

ஆடிட்டர் அறையில் மாமா சிரித்தாரே, அதே சிரிப்பு. லாரிக்காரர்கள் கூடச் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. நடந்து போய் மூட்டையைச் சூப்பர்வைசரின் காலடியில் வைத்தார். போடவில்லை, மெதுவாகத்தான் வைத்தார்.

"சுத்தமா வேணும்னா நீங்களே துவைச்சுக் குடுங்க சார். எங்க வீட்டுல இனிமே துவைக்க மாட்டாங்க."

"வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும் சார். பெயிண்ட் அடிக்கிற வேலை வேணும்."

அக்காவுக்காகப் பேசினாரா, அந்தச் சிரிப்புக்காகப் பேசினாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்காவிடம் கேட்டதற்கு, "எதுக்காகவோ பேசினாரே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் பட்டிக்காரர் தன்னுடைய யூனிபார்மைச் சாக்கில் போட்டுக் கொண்டுபோய் கேட்டில் வைத்தார். அவர் பெண்டாட்டிக்கும் கையில் அதே வெடிப்பாம். அத்தனை வாய் பேசுகிற மனிதர் அதை மட்டும் எங்களிடம் சொன்னதில்லை. அடுத்த நாள் பெயிண்ட் ஷாப்பில் பாதிப் பேர் கொண்டுவந்துவிட்டார்கள். வாட்ச்மேனால் தன் அறையில் உட்கார முடியவில்லை. தின்னர் நாற்றத்தில் தலை சுற்றி, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மழையில் வந்து உட்கார்ந்தாராம். வேலைக்கு யூனிபார்ம் கட்டாயம் என்பதால், உள்ளே பெயிண்ட் அடிக்க ஆளில்லாமல் பஸ்கள் வெறும் பட்டியோடு நின்றன. வாங்குகிற கம்பெனியிலிருந்து போன் மேல் போன். அந்த வாரம் முடிவதற்குள் மேனேஜர் இறங்கி வந்தார். பெயிண்ட் ஷாப் வாசலில் மூடி போட்ட பீப்பாய் ஒன்று வைத்தார்கள். வேலை முடிந்ததும் அழுக்குத் துணியை அதில் போட்டுவிட வேண்டியது; வேன் வந்து எடுத்துப்போய், துவைத்து மடித்துத் திரும்பக் கொண்டுவரும்.

சும்மா இல்லை. அந்தச் செலவில் பாதியைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தச் சூப்பர்வைசர் மாமாவிடம் பேசுவதையே நிறுத்திவிட்டு, மேல்நேர வேலை எதையும் அவருக்குத் தராமல் பார்த்துக்கொண்டார்.

அக்காவின் உள்ளங்கை ஆறியது. விரல்நுனி ஆறவில்லை, இனி ஆறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டு முடியாது. கனமான துணிக்குப் பித்தான் வைப்பது, கொக்கி தைப்பது, இதற்கெல்லாம் என்னிடம் வந்து உட்கார ஆரம்பித்தாள். வாரக் கடைசியில் கூலியை எண்ணாமல் வாங்கி இடுப்பில் செருகிக்கொள்வாள்.

முதல் தடவை பிடித்தம் போட்ட சம்பளச் சீட்டு வந்த அன்று மாமா நேராக என் அறைக்கே வந்துவிட்டார். அக்கா ஒரு கோட்டுக்குப் பித்தான் வைத்துக்கொண்டிருந்தாள். மாமா சீட்டை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"பாரு, எவ்வளவு பிடிச்சிருக்கான்னு பாரு! பாதிக்கே இவ்வளவுன்னா முழுசுக்கு எவ்வளவு ஆகும்? ரெண்டு செட் துணிய அலசிக் குடுக்க இவ்வளவா? கொள்ளைக்காரப் பசங்க!"

அக்கா ஊசியைக் கோட்டிலேயே குத்தி நிறுத்தினாள். சீட்டை வாங்கிப் பிடித்தத்தைப் பார்த்தாள்.

"கொண்டுபோய் ஆடிட்டர்கிட்டக் குடுங்க" என்றாள். "இப்பத்தான் ரசீது இருக்கே, முழுசாக் கழிச்சுக் குடுப்பாரு. அப்படியே இன்னொண்ணும் போட்டுப் பாக்கச் சொல்லுங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்தக் கணக்குப்படி நான் உங்களுக்கு எவ்வளவு சம்பாதிச்சுக் குடுத்திருக்கேன்னு."

"ஏய், நான் அந்தக் கொள்ளைக்காரனைத்தான்..."

"நானும் அவனைத்தான் சொல்றேன்."

மாமா என் பக்கம் திரும்பினார். நீயாவது எடுத்துச் சொல்லேன் என்கிற மாதிரி ஒரு பார்வை.

நான் மெஷினை மிதிக்க ஆரம்பித்தேன்.